பதினெட்டாம் கூடை

செம்மேட்டில் யாருக்கும் தன் உடம்பைப் பற்றித் தெரியாது. கூட வாழ்பவருக்குத்தான் தெரியும்.

விடியலில் ஊரை மூடிய கூரைக்குமிழ் வெளுக்கத் தொடங்கியதும் நாச்சியாரின் காதுக்குள் இருக்கும் செவிச்சில்லு, அவளுடைய கணவன் சேந்தனின் உடம்பைப் பற்றி மெல்லிய குரலில் சொல்லும். கல்லீரல் நலம். இடது முழங்காலில் சிறிய வீக்கம். நேற்று உப்பு அதிகம். அதே நேரத்தில் பக்கத்துத் தலையணையில் சேந்தனின் காது நாச்சியாரின் உடம்பைக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டு முடித்ததும் இருவரும் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

"நல்லா இருக்கே," என்பான் அவன்.

"நீயும்தான். அப்பளத்தை மட்டும் குறைச்சுக்க," என்பாள் அவள்.

பிறகு பல் துலக்கப் போவார்கள்.

செவ்வாயில் குடியேறிய முதல் தலைமுறையினருக்கு இந்த ஏற்பாடு இருக்கவில்லை. பிறந்தவுடன் தோளெலும்புக்குக் கீழே பதிக்கப்படும் உடற்சில்லு, அன்றைய நிலவரத்தை அவரவர் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது என்று காலையில் கேட்டவர்கள் வேலைக்கு எழுந்திருக்கவில்லை. சிலர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் நம்பகர் சட்டம் வந்தது. ஒருவருடைய உடல்நிலை இனி அவருடைய நம்பகரின், அதாவது கூட வாழும் நெருங்கிய ஒருவரின், காதுக்கு மட்டுமே போகும். அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது நம்பகரின் மனசாட்சியைப் பொறுத்தது. சட்டத்தை எழுதியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அவர்கள் விட்டு வந்த பூமியில், மருத்துவர் நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உறவுக்காரரை உள்ளே அழைத்துப் பேசுவார். உறவுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, சத்துக் குறைவாம்," என்பார். அதற்குத்தான் செம்மேட்டில் ஒரு சட்டமும் ஒரு சில்லும் கிடைத்தன.

நாச்சியாருக்கு இதிலெல்லாம் குறை ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய மனமெல்லாம் தட்டெறி ஆட்டத்தில் இருந்தது.

ஊரின் வடக்கே, தனிக் குமிழுக்குள் மூச்சுக்காடு இருந்தது. செம்மேடு முழுவதும் சுவாசிக்கும் காற்று அந்தக் காட்டில்தான் உண்டாகிறது. செவ்வாயின் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே புங்கனும் வேம்பும் நாவலும் பூமியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்கு, ஒல்லியாக வளர்ந்து நின்றன. மரங்கள் நெருக்கம். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சந்துகளின் முடிவில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள், மொத்தம் பதினெட்டு. கையகலத்தைவிடச் சற்றுப் பெரிய தட்டை எறிந்து, எறிந்து, கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த எறிவுகளில் முடித்தவர் வென்றவர். வழியில் தட்டு ஒரு மரத்தின் மேல் பட்டால் ஒரு எறிவு தண்டமாகக் கூடும். மரம் என்பது நாலு பேரின் மூச்சு; அதை அடித்தவரை அந்த ஊர் சும்மா விடாது.

இணையாட்டத்தில் இருவரும் ஒரே தட்டை மாறி மாறி எறிய வேண்டும். ஒருவர் எங்கே போட்டாரோ அங்கிருந்துதான் மற்றவர் எறிய முடியும். ஆகவே இணை என்பது கல்யாணத்தைவிடக் கடினமானது என்று செம்மேட்டில் சொல்வார்கள். நாச்சியாரும் சேந்தனும் இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு வெல்லும் இணைக்குப் பூமிக் கப்பலில் இரண்டு இடம் என்று தட்டெறிக் கழகம் அறிவித்திருந்தது. பூமியில் ஒரு மலைக்காட்டில் நடக்கும் போட்டியில் செவ்வாயின் சார்பில் அவர்கள் ஆடுவார்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து நாச்சியார் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மூச்சுக்காட்டில் காற்று அடிப்பதில்லை. கூரையில் இருக்கும் காற்றாடிகள் ஒரே சீராகத் தள்ளுவதுதான். திசை மாறி அடிக்கிற காற்றை, மேலே மூடி இல்லாத வானத்தை அவள் பார்த்ததில்லை.

"எறிஞ்சதுக்கப்புறம் காத்து வந்து தட்டைத் திருப்புமாம், சேந்தா. கையை விட்டுப் போனதை யாரோ நடுவில வந்து மாத்துறாங்க. அதை எப்படி ஆடுறது?"

"கத்துக்கலாம்," என்பான் சேந்தன், தலையை ஆட்டிக்கொண்டே.

ஆனால் ஆட்டப் பருவத்தின் நடுவில் சேந்தனின் ஆட்டம் கெட ஆரம்பித்தது. நேராகப் போக வேண்டிய தட்டு மூங்கில் புதருக்குள் நுழைந்தது. இடப்புறம் வளைய வேண்டியது வளையாமல் போய்ப் புங்கனில் மோதியது. நாச்சியார் புதருக்குள் மண்டியிட்டு, இரண்டு தண்டுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் தட்டைப் பக்கவாட்டில் சுண்டி, ஆட்டத்தை மறுபடி சந்துக்குக் கொண்டுவருவாள். அந்தப் பருவத்தில் அவள் எறிந்ததைப்போல அவளே அதற்கு முன் எறிந்ததில்லை. தலைக்கு மேலாகத் தட்டைச் செங்குத்தாக வீசி வேம்பின் உச்சியைத் தாண்ட வைத்தாள். தரையில் சக்கரம்போல உருட்டிவிட்டு வேர்களுக்கு நடுவே வளைந்து ஓட வைத்தாள். அவன் கெடுக்கக் கெடுக்க அவள் சரி செய்தாள். அவர்கள் வென்றுகொண்டே போனார்கள்.

காலையில் செவிச்சில்லு, சேந்தனின் தோளும் மணிக்கட்டும் நலம், தூக்கம் மட்டும் குறைவு என்றது. பெரிய போட்டி நெருங்குகிறது, பயந்துவிட்டான் என்று நாச்சியார் முடிவு செய்தாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்துவிட்டாள்.

"கவலைப்படாத. நீ எங்க போட்டாலும் நான் எடுத்துடுவேன்," என்றாள்.

சேந்தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

இறுதி ஆட்டம் பரிமளாவுக்கும் அவளுடைய அண்ணன் தவமணிக்கும் எதிராக. பரிமளா காளான் பண்ணையில் வேலை பார்த்தாள். நாச்சியாரின் பள்ளித் தோழி. பள்ளி நாளிலிருந்தே நாச்சியாரிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். தோற்ற பிறகு வந்து கட்டிப்பிடித்து, "அடுத்த தடவை பாரு," என்று சொல்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

பதினேழு கூடை முடிந்தபோது நாச்சியாரின் இணை ஒரு எறிவு முன்னே இருந்தது. பதினெட்டாம் கூடைதான் மூச்சுக்காட்டிலேயே மோசமானது. முதலில் மூங்கில் சுவர், அப்புறம் வலப்புறம் முறுக்கிக்கொண்டு திரும்பும் சந்து, கடைசியில் ஒரு நாவல் மரத்துக்குப் பக்கத்திலேயே கூடை. பரிமளாவும் தவமணியும் மூன்று எறிவில் முடித்துவிட்டார்கள். காட்டின் ஓரத்தில் நின்ற கூட்டம் கைதட்டியது.

சேந்தன் முதலில் எறிந்தான். தட்டு மூங்கிலுக்குள் போய் விழுந்தது. நல்லவேளையாக எதன் மேலும் படவில்லை. நாச்சியார் உள்ளே தவழ்ந்து போனாள். அவளுக்கும் சந்துக்கும் நடுவே ஒரு முழ அகல இடைவெளி இருந்தது, அதுவும் முழங்கால் உயரத்தில். மல்லாந்து படுக்காத குறையாகச் சாய்ந்து, மணிக்கட்டை மட்டும் சொடுக்கினாள். தட்டு இடைவெளியில் புகுந்து, வெளியே வந்ததும் மேலே ஏறி, வலப்புறம் முறுக்கி, கூடைக்குப் பத்தடி முன்னால் இலைச்சருகில் அமர்ந்தது.  பார்த்துக்கொண்டிருந்த பரிமளாவே கைதட்டினாள்.

பத்தடி. சேந்தன் அரைத்தூக்கத்தில் போடக்கூடிய தூரம். அவன் குனிந்து தட்டை எடுத்தான், நின்றான், போட்டான். தட்டு நாவல் மரத்தின் நடுத்தண்டில் மோதி விழுந்தது.

தண்டம் ஒன்று. நாச்சியார் அடுத்த எறிவில் கூடைக்குள் போட்டாள். எண்ணிப் பார்த்தபோது ஒரு எறிவில் தோற்றிருந்தார்கள்.

கூட்டம் பரிமளாவைத் தூக்கிக்கொண்டு போனது. சேந்தன் நாவல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவனை அந்த நிலையில் பார்க்க நாச்சியாருக்குத் தாங்கவில்லை. தன் ஏமாற்றத்தைக்கூட அவள் அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். அவர்களுக்குப் பின்னால் சாட்சி நின்றது. கழகம் ஒவ்வொரு இணைக்கும் கொடுக்கும், முழங்கால் உயரமுள்ள மூன்றுகால் இயந்திரம். எறிவுகளை எண்ணுவதும், மரத்தில் பட்டதா இல்லையா என்று சொல்வதும் அதன் வேலை. பேச்சு மட்டும் கழகத்தின் அச்சுத் தமிழில் தொடங்கும். மற்றதைத் தன்னோடு நடப்பவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும்.

"சாட்சி, அந்தக் கடைசி எறிவில எங்க தப்பு ஆச்சுன்னு சொல்லு," என்றாள் நாச்சியார். "சருகு வழுக்கிச்சா? காத்தாடி திரும்பிச்சா? இவன் தன்னைத்தானே திட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

"தவறு எதுவும் இல்லை," என்றது சாட்சி. "எறிந்தவர் நாவல் மரத்தைக் குறிபார்த்தார். மரத்தைச் சரியாக அடித்தார்."

நாச்சியார் சிரித்துவிட்டாள். "கூடையைக் குறிபார்த்தார்னு சொல்லு."

"கூடையை அல்ல. பார்வை, தோள், கட்டைவிரல் மூன்றும் மரத்தை நோக்கி இருந்தன. இந்தப் பருவத்தில் இவ்வாறு பலமுறை நிகழ்ந்துள்ளது. உங்கள் இணை முன்னிலையில் இருக்கும்போது மட்டும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்கள் கேட்கவில்லை."

நாச்சியார் சேந்தனைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வான், இயந்திரத்தை உதைப்பான் என்று காத்திருந்தாள். அவன் ஒரு சருகை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"பணம் ஏதாவது வாங்கினியா?"

"சீ."

"அப்புறம்?"

"கப்பல்ல ஏர்றதுக்கு முன்னாடி பூமிக்காரங்க டாக்டர் பாப்பாங்க, நாச்சி. நம்பகர் சட்டமெல்லாம் அவங்களுக்குக் கிடையாது. உன்னை ஏத்த மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பாங்க."

"என்னையா? எனக்கென்ன?"

சேந்தன் எழுந்து நின்றான். சொல்வதற்கு வார்த்தை தேடியவன், கடைசியில் செவிச்சில்லு சொல்வதைப்போலவே சொன்னான். "இதயத்தோட சுவர் மெலிசா இருக்கு. பிறப்புலேர்ந்தே. இங்க ஒண்ணும் ஆகாது, கிழவியாகற வரைக்கும் ஓடும். பூமியோட இழுப்பைத் தாங்காது. ஒரு வாரம்கூட."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"உனக்கு நான் நம்பகர் ஆன முதல் நாள்லேர்ந்து."

நாச்சியார் அவனையே பார்த்தாள். அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள், ஏதோ அடுத்தவர் பொருளைத் தொடப் போனவளைப்போல.

"நான் காத்தைப் பத்திப் பேசினப்பல்லாம் தலையை ஆட்டினியே. கத்துக்கலாம்னியே."

"முதல்லயே தோத்துருவோம்னு நெனச்சேன். நீ விடவே இல்ல. நான் புதர்ல போட்டா நீ எடுத்துடறே. நான் என்ன செய்ய?"

"சொல்லியிருக்கலாம்!"

"சொன்னா நீ ஆடறதையே விட்டிருப்பே. இந்த வருஷம் நீ ஆடின ஆட்டம்... உன் முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"உன் கைக்குத் தைலம் தேச்சேனே," என்றாள் நாச்சியார். "அப்பவாவது?"

 அவளுக்கு இதயம் மெலிந்திருந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் புதருக்குள் அவள் தவழ்ந்து போனபோது வெளியே நின்று, இந்த முறையாவது தட்டு வெளியே வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அதுதான் எரிந்தது.

அடுத்த நாள் அவள் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் ரஹ்மத்துன்னிசா அவள் பிறந்தபோதே பார்த்தவர். உட்காரச் சொன்னார், நாச்சியார் உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. மொதல்ல உங்கம்மாவுக்குச் சொன்னேன், அப்புறம் சேந்தனுக்கு. உன்கிட்ட சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"அம்மாவுக்குமா?"

"தெரியாம இருந்ததுனாலதானே இவ்வளவு நாள் ஓடி ஆடி நல்லா இருந்தே?" என்றார் டாக்டர் அன்பாக. நாச்சியார் வெளியே வந்துவிட்டாள். இறந்துபோன அம்மாவோடு சண்டை போடவும் வழியில்லை.

வீட்டில் அவள் சேந்தனோடு பேச்சை நிறுத்தினாள். காலையில் அவனுடைய உடம்பு அவள் காதில் தன்பாட்டுக்குப் பேசியது: தூக்கம் இல்லை, வயிற்றில் புண், நாடித்துடிப்பு அதிகம். கேட்டுவிட்டு எழுந்து போனாள். அவனும் அவளுடையதைக் கேட்டிருப்பான் என்ற நினைப்பு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நம்பகரை மாற்றலாம் என்று சட்டம் சொன்னது. நம்பகரே வேண்டாம் என்று சொல்ல அதில் இடம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். பரிமளாவுக்கு உண்மை தெரிய வேண்டும். விட்டுக்கொடுத்த ஆட்டத்தை வென்ற ஆட்டம் என்று நம்பிக்கொண்டு ஒருத்தி பூமி வரைக்கும் போவது, தன்னைப்போல இன்னொரு முட்டாளை உண்டாக்குவது. இடம் பரிமளாவுக்கே போகட்டும், தன்னால் எப்படியும் போக முடியாது. ஆனால் தெரிந்துகொண்டு போகட்டும். பதிவைப் பரிமளாவே பார்த்துக்கொள்ளும்படி, கழகத்திடம் கேட்டுச் சாட்சியையும் கூட்டிக்கொண்டு காளான் பண்ணைக்கு நடந்தாள்.

பரிமளா தட்டுத்தட்டாக அடுக்கிய காளான்களுக்கு நடுவே நின்றிருந்தாள். நாச்சியாரைப் பார்த்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டிக்கொண்டாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேண்டி. நானே வரலாம்னு பாத்தேன், தைரியம் வரல."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் பரிமளா."

"இரு, நான் முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா சொல்ல மாட்டேன்." பரிமளா சாட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பூமி, கப்பல் எல்லாம் அண்ணனுக்குத்தான் பெருசு. எனக்கு அது இல்ல. உன்னை ஜெயிச்சுட்டேன், நாச்சி. சின்ன வயசுலேர்ந்து உன் முதுகையே பாத்துட்டு இருந்தவ நான். வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி தினமும் அந்தப் பதினெட்டாம் கூடையில போய் ஒத்தையா எறிஞ்சுட்டு இருப்பேன். யாருக்கும் தெரியாது. அன்னிக்கு ராத்திரி படுத்துட்டு அழுதேன். சந்தோஷத்துல."



"ஆனா ஒரு உறுத்தல்," என்றாள் பரிமளா. "சேந்தன் அந்தப் பத்தடியை விடுற ஆளில்ல. வேணும்னே விட்டானோன்னு ஒரு நெனப்பு. அண்ணன்கிட்ட கேட்டா திட்டறான். நீ சொல்லு. நீ எனக்குப் பொய் சொன்னதே இல்ல. நாங்க நெஜமாவே ஜெயிச்சோமா?"

நாச்சியார் இதற்குத்தான் வந்திருந்தாள். வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. பரிமளாவின் முகம் அவளுக்கு மிக அருகில் இருந்தது. கன்னத்தில் காளான் மண் ஒட்டியிருந்தது. கண்கள் ஏதோ ஒரு பதிலுக்காக அல்ல, ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தன.

"அவன் கை இந்த வருஷம் பூராவும் சரியில்லடி," என்றாள் நாச்சியார். "நடுக்கம். உனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சோம். நீங்க நெஜமாத்தான் ஜெயிச்சீங்க."

பரிமளா மூச்சை விட்டாள். "அப்பாடா. ஐயோ, பாவம் சேந்தன்," என்றாள். ஒரு பை நிறையக் காளான் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியில் சாட்சி நின்றது.

"நீங்கள் கூறியது என் பதிவுடன் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். எதை?"

நாச்சியார் பையைக் கை மாற்றிக்கொண்டாள். ஊருக்குப் போகும் நடைபாதையில் யாரும் இல்லை.

"பதிவை," என்றாள். "கைத்தவறுன்னு போட்டுக்க."

"உண்மை அதுவல்லவே. காரணம்?"

"அவ நிம்மதியாப் போகட்டும்னுதான். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட முடியாது. கேக்கறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். உனக்கெங்க புரியப்போகுது?"

 "புரிந்தது," என்றது சாட்சி. கழகத்தின் சாட்சிகள் எல்லாம் ஒரே நினைவைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்று கற்றது அன்று மாலைக்குள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கப்பல் போய்விட்டது. நாச்சியார் சேந்தனோடு பேசவில்லை. ஆனால் முன்போல அவனை நேராகப் பார்த்துக் கோபப்படவும் அவளால் முடியவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் தட்டுகளை எடுத்துக்கொண்டு தனியாக மூச்சுக்காட்டுக்குப் போனாள். காட்டின் வாசலில் நின்ற ஏதோ ஒரு சாட்சி அவளைத் தொடர்ந்து வந்தது. முதல் கூடையிலேயே அவளுடைய தட்டு புங்கனில் மோதியது. மறுபடி எறிந்தாள், மறுபடி புங்கன். கை போய்விட்டதா, இல்லை மனமா, அல்லது அந்த மெலிந்த சுவர்தான் தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. செம்மேட்டில் தன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்து, திரும்பிப் பார்த்தாள்.

"சாட்சி, என்கிட்ட என்ன தப்பு?"

சாட்சி தன் ஒற்றைக் கண்ணாடிக் கண்ணை அவள் முகத்துக்கு நேராக உயர்த்தியது. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே பார்த்தது.

"ஒண்ணுமில்ல நாச்சி," என்றது. "நீ நல்லாத்தான் எறிஞ்சே. மரம்தான் கொஞ்சம் குறுக்க நின்னுடுச்சு."